கடற்கரைக் கோட்டுக்கும் தேதி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் கடல் எவ்வளவு தூரம் ஊரை நோக்கி வந்திருக்கிறது என்பதை, செயற்கைக்கோள் படத்தின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று கோடுகள் இட்டு விளக்கிய தங்கள் நாளிதழின் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புயலோ வெள்ளமோ வந்தாலொழிய டெல்டாவின் கடலோரத்துக்குச் செய்தித்தாளில் அரைப் பக்கம் கிடைப்பது அரிது. அந்த வகையில் மகிழ்ச்சியே. ஆயினும் அந்த மூன்று கோடுகளின் அருகிலும் ஓர் ஆண்டு எண் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. எந்த மாதத்துப் படம், எந்த நாள், அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்ததா வற்றத்தில் இருந்ததா என்ற விவரம் ஏதுமில்லை. இது சிறிய குறையன்று என்பதைச் சொல்லவே இக்கடிதம். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் 33 ஆண்டுகள் நில அளவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எல்லைக்கல்லையும் புலப்படத்தையும் நம்பிப் பிழைத்தவனுக்குக் கடல் ஒரு தீராத தொல்லை. வயலென்றால் நான்கு பக்கமும் கல் நட்டுவிட்டு வீடு திரும்பலாம். கடலோரப் புலத்துக்கு மூன்று பக்கம்தான் கல். நான்காவது பக்கத்தில் அலை வந்து போய்க்கொண்டிருக்கும். ஆனால் புலப்படத்தில் அந்தப் பக்கத்தையும் மற்ற மூன்றைப் போலவே ஒற்றைக் கோடாக வரைந்தாக வேண்டும். வரைந்து முடித்த பின் நான்கு கோடுகளும் ஒரே மாதிரி உறுதியாகத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

அந்த ஆபத்தில் நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். கணவரைக் கடலில் பறிகொடுத்த ஓர் அம்மாள், தம் பெயரிலிருந்த சிறு மனையில் வீடு கட்ட உதவி கேட்டு மனுக் கொடுத்திருந்தார். நான் அளக்கப் போனது கார்த்திகை மாதம், வாடைக் காற்று ஓயாத நாள். மனையின் கிழக்குப் பாதியில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நாடாவைப் பிடித்து, அலை தொட்ட இடத்தைக் குறித்து, பாதி நிலம் கடலில் சேர்ந்துவிட்டதாக அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கையைக் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பங்குனியில் வேறு வேலையாக அந்தக் குப்பத்துக்குப் போனபோது அவர் என்னைக் கையோடு அழைத்துச் சென்று காட்டினார். நான் கடல் என்று எழுதிய இடத்தில் காய்ந்த மணல். அதன்மேல் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. தையில் வந்து அளந்திருக்கலாமே ஐயா என்று மட்டும் சொன்னார். நான் அளந்த அளவில் பொய் இல்லை. அளந்த நாளுக்கு அந்த அளவில் எவ்வளவு பங்கு உண்டு என்பதை எழுதாமல் விட்டதுதான் பிழை. தங்கள் கட்டுரையின் மூன்று கோடுகளைப் பார்த்ததும் எனக்கு அந்த மனைதான் நினைவுக்கு வந்தது.

ஓய்வுக்குப் பின் என் பேரன் தன் மடிக்கணினியில் இந்தப் படங்களை எப்படித் திறந்து பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தான். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வயல்கள் செக்கச்செவேலென்றும் கடல் கன்னங்கறுப்பாகவும் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செயற்கைக்கோள் பதிவு செய்கிறது, படத்தில் அதைச் சிவப்பாகக் காட்டுகிறார்கள்; பச்சை இலை அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், தண்ணீர் முழுவதுமாக விழுங்கிவிடும், எனவே அந்த ஒளியில் பார்த்தால் நீர் எங்கே முடிந்து நிலம் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகப் பிரிந்துவிடும் என்று அவன் விளக்கினான். பச்சை ஒளியின் அளவையும் அகச்சிவப்பின் அளவையும் ஒப்பிட்டு ஒவ்வொரு கட்டத்தையும் நீர் அல்லது நிலம் என்று கணினியே பிரித்து, இடையில் கோடு போட்டுவிடுகிறது. சங்கிலி இழுத்த காலத்தில் கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை கரையை அளப்பதென்றால் ஒரு பருவம் போதாது. இப்போது ஒரு காலைப்பொழுது போதும். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் கைத்தொழிலுக்கு இதைவிடப் பெரிய துணை வந்ததில்லை என்றே எண்ணுகிறேன்.

ஆனால் படத்தில் உள்ள கட்டம் என்பது ஒரு சதுர நிலப்பரப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. 1972-இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 80 மீட்டர். 1980-களில் வந்த லேண்ட்சாட் படங்களில் அது 30 மீட்டராகக் குறைந்தது. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச்சில் விண்ணுக்குச் சென்றபோது அதன் நுட்பமான கருவி 36 மீட்டரைப் பிரித்துக் காட்டியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 2015 முதல் 10 மீட்டர் கட்டங்களில் படம் எடுத்து வருகிறது. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். சென்டினல் படங்களும் அப்படியே. இனி எளிய கணக்கு ஒன்று. ஓர் ஊரில் கரை ஆண்டுக்கு ஒரு மீட்டர் வீதம் பின்வாங்கியதாக வைத்துக்கொண்டால், 50 ஆண்டுகளில் 50 மீட்டர். 1972-ஆம் ஆண்டுப் படத்தின் ஒற்றைக் கட்டத்துக்குள்ளேயே அந்த அரை நூற்றாண்டு இழப்பு முழுவதும் அடங்கிவிடும். கட்டத்துக்குள்ளும் கோட்டின் இடத்தை ஓரளவு கணிக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன என்பதும் உண்மை. ஆயினும் பழைய படத்தின் கோட்டையும் புதிய படத்தின் கோட்டையும் ஒரே தடிமனில் அச்சிட்டால் படிப்பவர் இரண்டையும் ஒரே நம்பிக்கையோடுதான் பார்ப்பார்.

காகித வரைபடத்திலும் இதே சிக்கல் உண்டு. 50,000-க்கு ஒன்று என்ற அளவிலான இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாக் கோடு தரையில் 25 மீட்டரை மூடிவிடும். அந்தக் கோட்டின் வலப்பக்க ஓரத்தில் அளந்தீர்களா, இடப்பக்க ஓரத்திலா என்று கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் எத்தனையோ வீடுகளின் பட்டா அந்த 25 மீட்டருக்குள் இருக்கிறது.

அடுத்தது ஏற்றவற்றம். நாகப்பட்டினம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. அதனால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கரையின் சரிவை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கரை இருபதுக்கு ஒன்று என்ற அளவில் சரிந்திருந்தால், கடல் மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறியவுடன் நீர்விளிம்பு 12 மீட்டர் ஊர்ப்பக்கம் நகர்ந்துவிடும். சென்டினல் படத்தின் ஒரு கட்டத்துக்கும் மேல். மணலில் ஒரு பிடிகூட அரிக்கப்படாமலே கரை 12 மீட்டர் பின்வாங்கியதாகக் கணினி சொல்லும். வேதாரண்யத்துக்கு அப்பால், பாக் நீரிணைப் பக்கம் சேற்றுப் படுகையாக நீளும் தாழ்ந்த கரையில் சரிவு இருநூறுக்கு ஒன்று என்று இருந்தால் அதே 60 சென்டிமீட்டருக்கு 120 மீட்டர். அங்கே உப்பளப் பாத்திகளின் நீரும் ஈரச் சேறும் வெண்மையான உப்புப் படிவும் மாறி மாறி வருவதால், எது கடல், எது கரை என்பதில் கணினி தடுமாறுவதை நானே பல படங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பகுதிக்குக் கோடு என்ற சொல்லே பொருந்துமா என்பது ஐயம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்று உண்டு. சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் சூரியனை ஒட்டி இயங்குவதால், நம் ஊருக்கு மேல் எப்போது வந்தாலும் முற்பகல் பத்தரை மணியை ஒட்டியே வருகின்றன. கடலோ நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து ஏறுகிறது. ஓர் ஊரில் அமாவாசை, பௌர்ணமி நாள்களின் பெரிய ஏற்றம் ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் வரும் என்பதைக் கடலோரத்தில் சிறுவர்கள்கூட அறிவார்கள். ஆகவே அமாவாசையன்று எடுத்த படமும், அதற்கு ஏழெட்டு நாள் கழித்து எடுத்த படமும் ஏற்றவற்றத்தின் வெவ்வேறு படிகளைக் காட்டும். ஒரு கோட்டுக்கு அமாவாசைப் படத்தையும் மற்றொன்றுக்கு அட்டமிப் படத்தையும் எடுத்துக்கொண்டால் ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணலாகிவிடும். நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

பருவத்தைப் பற்றி மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் அலை கரை மணலைப் பெயர்த்துக் கடலுக்குள் திட்டாகப் போட்டு வைக்கும். தைக்குப் பின் சிறு அலைகள் அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்க்கும். போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் மட்டமே நம் கரையோரம் சற்று உயர்ந்து நிற்கிறது. கரை மிக அதிகமாக இடம் மாறும் அந்தப் பருவத்தில்தான் வானம் முழுக்க மேகம். சாதாரணப் படங்களில் வெள்ளைப் பஞ்சைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆய்வாளர்கள் இயல்பாகவே தெளிவான மாசி, பங்குனிப் படங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிச் செய்வது தவறன்று, எல்லா ஆண்டுகளுக்கும் அதையே செய்தால். ஒரு கோடு மார்கழியிலும் மற்றொன்று சித்திரையிலும் எடுக்கப்பட்டிருந்தால்தான் சிக்கல். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்கள் இப்போது உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-1, நம் இஸ்ரோ 2022-இல் ஏவிய இ.ஓ.எஸ்.-04, 2025 ஜூலையில் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார் ஆகியவற்றைக் கொண்டு கார்த்திகையின் கரையையும் பார்க்க இயலும். டெல்டா கடலோரத்துக்கு அந்த வேலையை யாரேனும் முறையாகச் செய்தால் மிகுந்த பயன் தரும்.

இரண்டு படங்களை மட்டும் எடுத்து, இடைவெளியை ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய சில வாரங்களில் எடுத்த படத்தை முதல் கோடாக வைத்தால், அதன்பின் கரை வளர்ந்ததாகக்கூடக் கணக்கு வரலாம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்த அந்த வாரத்துப் படத்தைக் கடைசிக் கோடாக வைத்தால் ஊரே போய்விட்டது என்று வரலாம். இடையில் உள்ள படங்கள் அனைத்தையும் வரிசையாக வைத்து, அவற்றினூடே போகும் போக்கைப் பார்ப்பதே நேர்மை. படங்கள் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் எதுவுமில்லை.

எந்தக் கோட்டை அளப்பது என்ற கேள்விக்கு என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. நீர்விளிம்பு மணிக்கொரு தரம் இடம் மாறும். ஆனால் கரைக்கு மேலே அடப்பங்கொடி படர்ந்து, இராவணன் மீசைப் புல் வேரூன்றி நிற்கும் விளிம்பு அப்படி மாறாது. உப்பலை அடிக்கடி தொடும் இடத்தில் அந்தக் கொடி நிலைக்காது. அது நிற்கிறதென்றால் அந்த மணல் கொஞ்ச காலமேனும் அசையாமல் கிடந்திருக்கிறது என்று பொருள். அகச்சிவப்புப் படத்தில் அந்த விளிம்பு மெல்லிய சிவப்பு இழையாகத் தெரியும். இரண்டு கோடுகளையும் சேர்த்து அளந்தால், நீர்விளிம்பு முன்னும் பின்னும் ஆடுவது பருவத்தின் வேலை என்றும், கொடியின் விளிம்பும் சேர்ந்து பின்வாங்குவது உண்மையான அரிப்பு என்றும் பிரித்தறியலாம். கருங்கல் கொட்டிய கரைகளில் அடப்பங்கொடியைத் தேடினாலும் கிடைக்காது என்பது வேறு கதை.

இனி மண்ணுக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையின் கீழ்ப்பகுதியில், கொள்ளிடம் பழையாற்றின் அருகே கடலில் கலக்கும் இடத்தில் செம்பழுப்பு நிற நீர் விசிறிபோல் விரிந்திருக்கும் அழகான படம் ஒன்று இருந்தது. ஆறு கடலுக்கு மண்ணை அள்ளிக் கொடுக்கிறது என்று அதன் கீழே எழுதியிருந்தீர்கள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. நீரில் மிதந்து வரும் நுண்ணிய வண்டல் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்த நிறம். ஆற்று நீர் கடல் நீரைவிட எடை குறைந்தது என்பதால் மேலாக மிதந்து பரவுகிறது. செயற்கைக்கோளும் மேல்மட்டத்தை மட்டுமே பார்க்கிறது. இந்தியாவின் ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1999 முதல் கடலின் நிறத்தைப் பதிவு செய்து வருவதால், இந்த வண்டல் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பெரிய பரப்பில் நன்றாகவே கணிக்க முடிகிறது. அதன் கட்டம் ஏறத்தாழ 360 மீட்டர் என்பதால் முகத்துவாரத்தின் உள்விவரம் கிடைக்காது; அதற்குச் சென்டினலைத்தான் நாட வேண்டும்.

ஆனால் நாம் நிற்கும் கரை அந்த வண்டலால் ஆனதன்று. அந்த நுண்மண் நெடுந்தொலைவு போய் ஆழத்திலோ கழிமுகச் சேற்றிலோ படியும். கடற்கரையைக் கட்டுவது ஆற்றின் அடியில் உருண்டும் தாவியும் வரும் பருமணல். அது நீரின் அடியில், இருட்டில் நகர்வதால் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரிவதில்லை. எனவே முகத்துவாரத்தில் பழுப்பு விசிறி பெரிதாகத் தெரிகிற ஆண்டிலும் கரைக்கு மணல் வராமல் போகக்கூடும். அந்த விசிறியைப் பார்த்து ஆற்றுக்குக் குறையில்லை என்று முடிவு கட்டினால், விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமல் அதன் ஒளியை மட்டும் பார்த்து உறங்கப் போன கதையாகிவிடும்.

அந்தப் பருமணல் எங்கே நிற்கிறது என்பது டெல்டாவில் எவருக்கும் புதிரல்ல. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகரும், 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூரும் கட்டப்பட்ட பின் மேலிருந்து வரும் மணல் அணைகளின் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவு என்று நாம் நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் மேட்டூரில் எத்தனை டி.எம்.சி. இன்று மண்ணாக இருக்கிறது என்பது விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பழைய பொறியாளர்கள் இதை அறிந்தேயிருந்தார்கள். கல்லணையில் மணற்போக்கிகள் இருப்பது சும்மா அல்ல; மணல் தேங்கினால் ஆறு கெடும், அதை வெளியேற்ற வழி வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டியபோதும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நீரைப் பங்கிடுவதோடு மணலின் போக்கையும் சேர்த்தே அவர் சிந்திக்க வேண்டியிருந்தது. அணைக்குக் கீழே எஞ்சியிருக்கும் மணலும் கடலுக்கு வந்து சேர்வதற்கு முன் கொள்ளிடத்தில் குவாரிகள் வழியாக லாரி ஏறிவிடுகிறது.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டதும், 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு மக்கள் பட்ட பாடு வேறு. இத்தனை நீர் கடலில் வீணாகப் போகிறதே என்று அன்று எல்லோரும் வருந்தினோம், நானும் வருந்தினேன். கடலுக்குப் போகும் நீர் முழுவதும் வீண் என்ற அந்தச் சொல்லைக் கடலோரத்தான் எப்படிக் கேட்டிருப்பான் என்று பின்னர்தான் தோன்றியது. கரைக்கு மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் வலு அத்தகைய வெள்ளத்துக்குத்தான் உண்டு. அந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் பழையாறு முகத்துவாரத்து மணல்திட்டுகள் எப்படி மாறின என்பதைச் சென்டினல் படங்களை வரிசையாக வைத்து எவரும் பார்க்கலாம். அதைப் பார்த்து எழுதும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழில் வருமானால் பெரிதும் வரவேற்பேன்.

வந்து சேர்ந்த மணலும் ஓரிடத்தில் கிடப்பதில்லை. சோழகம் என்னும் தென்காற்றின் காலத்தில் அலை கரையோரமாக மணலை வடக்கே தள்ளும். வாடைக் காலத்தில் தெற்கே தள்ளும். இந்தப் போக்குவரத்தின் குறுக்கே எதைக் கட்டினாலும் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பறிபோகும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டதும் பள்ளிப் புத்தகத்துப் பாடம். நம் பக்கத்தில் ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர், அமைத்தால் அடுத்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்குள் ஆட்சியர் அலுவலகத்தில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்று அமைத்தால் அதற்கடுத்த ஊர். கருங்கல் கொட்டிய ஊரில் வீடு தப்பும் என்பது மெய். ஆனால் ஃபைபர் படகை ஏற்றி வைக்கவும் கருவாடு காயப் போடவும் வலை விரிக்கவும் இருந்த மணல்வெளி போய்விடுகிறது. அதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கோடு அசையாமல் நிற்கும். அட்டவணையில் அந்த ஊர் நிலையான கரை என்று பதிவாகும்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்று கணித்தது. தமிழ்நாட்டில் அது 42.7 சதவீதம். பல ஆண்டுகளின் படங்களோடு கள அளவையும் சேர்த்துச் செய்யப்பட்ட கடினமான வேலை அது. மாநிலம் முழுவதற்கும் அந்த எண் பயன்படும். ஆனால் ஒரு குப்பத்தில் எந்த வீட்டை எப்போது இடம் மாற்றுவது என்ற முடிவுக்கு அந்த எண்ணை இறக்கிக் கொண்டுவர முடியாது. மேலும், நண்டலாற்றுக்கு வடக்கே தமிழ்நாடு, தெற்கே காரைக்கால், அதற்கும் தெற்கே மீண்டும் தமிழ்நாடு என்று நம் கரை துண்டு துண்டாகக் கிடக்கிறது. மணல் எல்லைச் சாவடியில் நிற்பதில்லை; அறிக்கைகள் மட்டும் அங்கங்கே நின்றுவிடுகின்றன. கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை ஒரே கணக்காகப் பார்க்காத எந்தக் கரைத் திட்டமும் அரைகுறையாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

படத்தின் கோடு சரியா என்று சோதிக்கத் தரையில் அசையாத புள்ளிகள் வேண்டும். டெல்டா கடலோரத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. அதன் அருகே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எஞ்சியதோடு நிற்கிறது. செயற்கைக்கோளின் நினைவு ஐம்பது ஆண்டு. அந்தக் கோயிலின் நினைவு எழுநூறு ஆண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆகவே தங்களிடமும் தங்கள் வழியாக அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. கரைக் கோடு எதை வெளியிட்டாலும் படம் எடுத்த நாள், நேரம், கட்டத்தின் அளவு, அன்றைய ஏற்றவற்றம், அளந்தது நீர்விளிம்பா கொடிவிளிம்பா என்ற விவரங்களை அதன் ஓரத்திலேயே அச்சிட வேண்டும்; பிழை எத்தனை மீட்டர் இருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடலோர ஊராட்சியிலும் அலை எட்டாத இடத்தில் இரண்டு கற்களை நட்டு, மாதம் ஒருமுறை அங்கிருந்து நீர்விளிம்பு வரையிலான தூரத்தை ஊர்க்காரர்களே நாடா பிடித்து எழுதி வைக்கலாம். பள்ளி மாணவர்கள் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். ஐந்து ஆண்டுக் குறிப்பேடு ஒன்று இருந்தால் விண்ணிலிருந்து வரும் கோட்டைச் சரிபார்க்கவும் ஆகும், தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுக்கும்போது கையில் ஆதாரமாகவும் ஆகும். கோட்டை வரைபவர்கள் அந்த ஊருக்கு ஒருமுறை வந்து, எந்த மாதம் எந்தப் பக்கம் நீவாடு (கடல் நீரோட்டம்) ஓடுகிறது என்று கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போகவும் வேண்டும்.

என் பங்குக்கு, பூம்புகாருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், ஊராரின் அனுமதியோடு கோயில் மதிலின் வடகிழக்கு மூலையைக் கல்லாகக் கொண்டு, சென்ற 14 மாதங்களாக அமாவாசைதோறும் முற்பகல் பத்தரை மணிக்கு அளந்து வருகிறேன். செயற்கைக்கோள் வரும் நேரம் என்பதால் அந்த மணியைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்பேட்டின் நகலைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன். அடுத்த அளவு தை அமாவாசையன்று. சங்கமத்தில் நீராட வரும் கூட்டத்தால் அன்று சாலையில் நெரிசல் இருக்கும். தங்கள் செய்தியாளர் எவரேனும் வருவதானால் சற்று முன்னதாகவே புறப்பட வேண்டும். பேரன் கல்லூரிக்குப் போய்விட்டான். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
சீர்காழி வட்டம்,
மயிலாடுதுறை மாவட்டம்.